நல்லிணக்க மாமா

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போகிற கடற்கரை வீதியில் சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு, காரைதீவைத் தாண்டினால் நிந்தவூர். ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர், மறுபடி ஒரு முஸ்லிம் ஊர். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய உவமை உண்டு. அந்த உவமையை மேடையில் ஏற்றிப் பிழைக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்தில் அவருக்கு நல்லிணக்க மாமா என்று பெயர். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. அதைத் தபால்காரர்கூட மறந்துவிட்டார்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகுதான் மாமாவின் பொதுவாழ்வு தொடங்கியது. வள்ளமும் வீடும் கொடுக்க வந்த நிறுவனங்கள், அவை கொடுத்து முடிந்ததும் சமாதானம் கொடுக்கத் தொடங்கின. 2009இல் யுத்தம் முடிந்தது. 2015இல் கொழும்பில் தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். சமாதானம், சகவாழ்வு, நல்லிணக்கம், சமூக ஒத்திசைவு என்று செயலமர்வுகளின் தலைப்புத்தான் மாறிக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் புரியாணியும், பின்னேரம் பிளேன்டீயோடு ரோல்ஸும் மாறவில்லை. மாமாவும் மாறவில்லை.

வீட்டு அலுமாரி நிறையக் கோவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேனை, ஒரு கொப்பி, முதல் பக்கத்தில் மட்டும் எழுத்து. "பன்மைத்துவமே பலம்" என்று மும்மொழியிலும் அச்சடித்த துணிப்பையில் மாமி கருவாடு வாங்கி வருவார். சுவரில் சிங்களப் பயிற்சிச் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். சிங்களத்தில் ஒரு கடிதம் வந்துவிட்டாலோ, அம்பாறைக்கு நெல் ஏற்றுகிற லொறிக்காரத் தம்பியைத் தேடி மாமா தெருத் தெருவாக ஓடுவார்.

வீட்டில் அவர் உடுப்பது சாறன்தான், மருதமுனை முஸ்லிம் நெசவாளரின் கைத்தறி. இடுப்பில் நிற்பதற்கு அதைப்போல் ஒன்றில்லை என்று சத்தியம் பண்ணுவார். செயலமர்வு என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டு வேட்டிக்கு மாறுவார். கலாசாரம் என்பது வீட்டில் உடுக்காததை வெளியில் உடுப்பது என்ற கொள்கை அவருக்கு மட்டும் உரியதல்ல. மேடையில் மங்கள விளக்கேற்ற வரும் நாலு பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். ஒன்றுக்கு வேட்டி, ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்கு வெள்ளை உடுப்பு, ஒன்றுக்குக் கழுத்தில் சிலுவை. ஒருமுறை அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் வந்த வான் பிந்திவிட்டது. பிரதம அதிதிக்கோ அவசரம். ஊர்ப் பையன் ஒருவனுக்கே தொப்பியைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து வரும் அதிகாரிக்குக் கலாசாரம் என்றால் ஆட்டம். பொல்லடி, கும்மி, கண்டிய நடனம் என்று மூன்றும் முடிந்தால் அவருக்கு நாடு ஒன்றுபட்டுவிடும். வளவாளருக்கு அது பிறிஸ்டல் போட்டில் மாக்கரால் எழுதக் கூடியது. "மற்றச் சமூகத்தின் கலாசாரத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று கேட்டுக் குழுக் குழுவாக உட்கார வைப்பார். தமிழர் குழு புரியாணி என்று எழுதும். முஸ்லிம் குழு உழுந்து வடை என்று எழுதும். சிங்களவர் குழு கொஞ்சம் யோசித்து வட்டிலப்பம் என்று எழுதும். எல்லாரும் கைதட்டுவார்கள். அடுத்த செயலமர்விலும் அதே வடைதான்.

மாமா பேசினால் சமநிலை தவறாது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளைச் சொல்வார், பாண்டிருப்புத் தீப்பள்ளயத்தைச் சொல்வார், உடனே அதற்கு ஈடாகக் கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தைச் சொல்வார். ஒருமுறை அந்தக் கொடியேற்றத்தை அவர் உருகி உருகிப் புகழ, முன்வரிசையில் இருந்த இளம் மௌலவி ஒருவரின் முகம் கறுத்தது. "அது மார்க்கத்தில் இல்லாத விசயம்," என்றார் மௌலவி. பக்கத்திலிருந்த முதிய ஹாஜியார் விடவில்லை. "எங்கட வாப்பாட வாப்பா காலத்திலிருந்து நடக்குது, நீ நேத்துப் பொறந்தவன்," என்றார். இரு சமூகங்களுக்கு நடுவே நிற்கத்தான் மாமாவுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரே சமூகத்துக்குள் இரண்டு கட்சி கிளம்பினால் எங்கே நிற்பது என்று எந்தக் கோவையிலும் இல்லை. தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டார்.

வரலாறு சொல்லும்போது 1990ஆம் ஆண்டை ஒரே பாய்ச்சலில் தாண்டுவார். அந்த ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், வீரமுனையில் அடைக்கலம் தேடியிருந்தவர்களும் சில நாள் இடைவெளியில் கொல்லப்பட்டார்கள். அதைக் கேட்கப் பிறிஸ்டல் போட்டுக்குத் தெம்பில்லை. இந்த ஒரு விசயத்தில் மாமாவைக் கேலி செய்ய எனக்கும் வாய் வராது.

அவருடைய மகளுக்குக் கலியாணம் முற்றானது. அக்கரைப்பற்று மேசன் ஒருவர் வந்து வீட்டைத் திருத்தினார். ஒரு மத்தியானம் இருவரும் மணற்குவியலில் குந்தியிருந்து பேசியதை நான் கேட்டேன்.

"மூத்தவளுக்கு ஊடு கட்டிக் குடுத்தன் அண்ணன். ரெண்டாவதுக்கு அத்திவாரம் போட்டாச்சி. ஊரான் ஊட்டுக்குக் கல்லு வெச்சி வெச்சி, எண்ட ஊட்டுக்குக் கல்லு வாங்க ஏலாம இரிக்கன்."

"இஞ்சயும் அதுதான் மேசன். இந்த ஊடு மகளுக்குப் போயிரும். மறுகா நானும் அவவும் குசினிக்குப் பின்னால ரெண்டு தகரத்தப் போட்டு இரிக்க வேண்டியதுதான்."

"மாப்பிள உள்ள வருவார், நாம வெளிய போவம். உங்கடயிலயும் அப்பிடித்தானா?"

"வேற எப்பிடி?"

டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானுடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி, எங்கள் தாய்வழிக் குடிமுறையையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் துருவித் துருவிக் கேட்டார். இரண்டும் இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது என்று விளக்கி 2008இல் தலையணை மொத்தத்தில் ஒரு நூல் போட்டார். அவ்வளவும் அந்த மணற்குவியலில் கிடந்தது.

"இதை ஏன் மாமா செயலமர்வில சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"இது ஊட்டுப் பிரச்சின மனே. அங்க கேக்கிறது கலாசாரம்."

அடுத்த செயலமர்வு அக்கரைப்பற்றில். முஸ்லிம் பங்குபற்றுநர் போதவில்லை என்று கடைசி நேரத்தில் தகவல் வர, மாமா மேசனையே அழைத்துப் போனார். ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கியவருக்குப் போக்குவரத்துப் படியைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். முதல் பயிற்சியே அறிமுகமில்லாத இருவர் சோடி சேர்வது. ஒரு தமிழர், ஒரு முஸ்லிம். பதினைந்து நிமிடத்தில் மற்றவரின் கலாசாரத்தைப் பற்றி மூன்று புதிய விடயங்களை அறிந்து வர வேண்டும். வளவாளர் பட்டியலைப் பார்த்து மாமாவையும் மேசனையும் சோடி சேர்த்தார்.

இருவரும் மூலைக் கதிரைகளில் போய் உட்கார்ந்தார்கள். சுவர் பூசின காசில் பாதி நிலுவை. சீமெந்து பத்துப் பை வாங்கினதா, பன்னிரண்டா என்றும் தீரவில்லை. மேசன் விரல் மடித்து எண்ணினார். மாமா அவர் முழங்காலில் தட்டித் தட்டி மறுத்தார். ஒரு கட்டத்தில் இருவருமே எழும்பி நின்றுவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்த வளவாளருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து படம் எடுத்தார்.

அந்தப் படம் செயலமர்வை நடத்திய நிறுவனத்தின் ஆண்டறிக்கையின் அட்டையில் மும்மொழித் தலைப்போடு வந்திருக்கிறது. மாமா அதைச் சட்டம் போட்டு, மகளுக்குக் கொடுத்த வீட்டின் விறாந்தையில் மாட்டியிருக்கிறார். மேசன் வந்து நின்று பார்த்துவிட்டு, ஆணி அடித்ததில் பூச்சு உதிர்ந்திருக்கிறது, அதைத் திருத்தத் தனிக் காசு என்று சொல்லிப் போயிருக்கிறார்.