எட்டாம் வேற்றுமையும் என் தலைமுடியும்: ஓர் ஆய்வு

மனிதன் தன் வயதை அறிய உதவும் கருவி கண்ணாடி என்பது பரவலான நம்பிக்கை. தவறு. கண்ணாடி முன் நின்றதுமே தாடையைத் தூக்கி, வயிற்றை எக்கிக்கொள்கிறோம். போதாததற்கு, நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சவரம் செய்கிறவனுக்குத் தன் முகம் என்றைக்கும் முப்பத்தைந்துதான். நம்பத்தக்க கருவி விளி வேற்றுமை ஒன்றே.

இதற்கென்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ‘விளிமரபு’ என்று தனி இயலே வைத்தார். எந்த ஈற்றுப் பெயர் கூப்பிடும்போது எப்படித் திரியும் என்று விளக்கினார். ‘தம்பி’ எந்தத் தேதியில் ‘அண்ணே’ ஆகத் திரியும், ‘அண்ணே’ எப்போது ‘பெரியவரே’ ஆகும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரை.

முன்னோடி ஆய்வு என்று பார்த்தால் பிசிராந்தையாருடையது. ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே ஏன் என்ற கேள்விக்கு அவர் சொன்ன காரணங்கள் புறநானூற்றின் 191ஆம் பாட்டில் இருக்கின்றன: மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் எல்லாரும் நல்லவர்கள். முதல் காரணத்தை என் வீட்டில் சரிபார்க்க முயன்றபோது, “முதல்ல அவரோட பெண்டாட்டி என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு வாங்க” என்று பதில் வந்ததால் ஆய்வு பாதியில் நின்றது. சான்றோரைத் தேடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி விவகாரம் முடிவதற்குள் புருவத்திலும் ஒன்று நரைத்துவிட்டது.

2011இல் ‘மங்காத்தா’வில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். கொஞ்ச நாளைக்கு என் தலைக்கும் மதிப்பு கூடியதாகத் தோன்றியது. ஆனால் நடத்துநர் ‘தல’ என்று கூப்பிடவில்லை. “பெரியவரே, உள்ள போங்க” என்றார்.

அன்று மாலையே சோதனையில் இறங்கினேன். பழைய பனியன், தரையில் நாளிதழ், கிண்ணத்தில் கரைத்த கறுப்புச் சாயம், தேய்ந்த பல்துலக்கி. அரை மணி நேரம் தலையை எதிலும் சாய்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது கதவைத் தட்டுவது அப்போதுதான். மறுநாள் அதே நடத்துநர் “சார்” என்றார். கூடவே என் காதுமடலையும் பார்த்தார். முடியைவிடக் காதில் நன்றாகப் பிடித்திருந்தது.

முளைத்துவிட்ட முடி தானாக நிறம் மாறுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேரில் மெலனின் தரும் செல்கள் ஓய்ந்துபோனபின், வருவதே வெள்ளையாக வருகிறது. மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்ச்சி. ஆகவே பதினைந்தாம் நாள் வகிட்டோரம் அரை செ.மீ. வெள்ளைக் கரை கட்டிவிடும். ஒரு பாக்கெட் சாயம் எனக்கு வாங்கித் தந்தது இரண்டு வார ‘சார்’. நான்கு மாதம் கணக்குப் பார்த்தேன். பிறகு கிண்ணத்தைக் கழுவி வெந்தயம் ஊறப்போடக் கொடுத்துவிட்டேன்.

இந்த முடிவுகளுக்கு ஒத்துவராத தரவு ஒன்று உண்டு. தெருமுனையில் கீரை விற்கும் ஆயா. இருபது வருடமாக, சாயம் இருந்தபோதும் போனபின்பும், நான் அவருக்குத் ‘தம்பி’தான். கண்ணில் புரை இருப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார் என்று குறித்து வைத்திருந்தேன். போன மாதம் புரை எடுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னா தம்பி, உடம்புக்கு முடியலியா?”

அரைக்கீரை இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.