மிச்சம் 22 மில்லிமீட்டர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பின்சீட்டில் உட்காரும் என் மனைவி வைத்திருக்கும் பெயர் ‘உரல்’. உரலுக்குள் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “தலையைக் கொடுத்தது நீங்களா இருக்கலாம். நான் கொடுத்திருக்கறது இடுப்பை” என்றாள்.

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் மடிப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறோம். வழியில் எத்தனை வேகத்தடைகள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், 19. வட்டமாக ஏறி இறங்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் தாண்டலாம் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. எங்கள் தெருவில் வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் குறுக்கே கொட்டிவிட்டார்கள். உயரத்தில் குறை வைக்கவில்லை. அகலத்தை மட்டும் ஒரு முழத்தோடு முடித்துக்கொண்டார்கள். “கபாலியைப் பார்க்கறதுக்குள்ள கைலாசமே தெரியுது” என்பது அவள் கட்சி.

சட்டத்தின் பாதுகாப்பும் அவளுக்கு இல்லை. பின்னால் உட்காருபவர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்கப் படி, துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு, இந்த மூன்றும் வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். இடுப்பைப் பற்றி மூச்சே இல்லை.

எனக்கு ஏன் வலிக்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டு நிரந்தர வழக்கு. ஓட்டுகிறவன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்காருகிறான். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் தலைமேல். சீசாப் பலகையின் நடுவில் நான், நுனியில் அவள். போதாததற்குக் குழி என் கண்ணுக்குத்தான் தெரியும். வந்ததும் காலை ஊன்றி லேசாக எழும்பிக்கொள்வேன். அவளுக்குத் தெரிவது என் முதுகு. 26 வருடப் பழக்கத்தில் அந்த முதுகைப் படிக்கக் கற்றுக்கொண்டாலும், படித்து முடிப்பதற்குள் குழி வந்துவிடுகிறது.

குடும்பத் தலைவன் என்ற முறையில் களத்தில் இறங்கினேன். முதலில் சீட்டுக்கு மெத்தென்ற ஸ்பாஞ்ச். சைதாப்பேட்டை வரை சொகுசு. அதற்குள் ஸ்பாஞ்ச் அமுங்கி அடித்தகடு தட்டுப்பட்டது. அடுத்து, டயரில் காற்றைக் குறைத்தேன். இரண்டு பேர் போனால் பின் டயரில் காற்றைக் கூட்ட வேண்டும் என்று செயின் கவர் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கிறது. எனக்குத்தான் ஸ்டிக்கர் படிக்கும் பழக்கம் கிடையாது. வேளச்சேரிக் குழியில் சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் நடக்க, பக்கத்தில் நடந்த அவள், “இப்பதாங்க குலுங்காம இருக்கு” என்றாள்.

மூன்றாவதாகத்தான் வண்டிச் சாமான் வாங்க ஜி.பி. ரோடு. மஞ்சள் உருளை வைத்த கேஸ் ஷாக் அப்சார்பர், ஜோடி 4,800 ரூபாய். எங்கள் வீட்டில் கேஸ் என்றால் ஒன்று சமையலறையில் இருப்பது, இன்னொன்று எனக்கு இருப்பது. மூன்றாவது கேஸ் அவளைப் பஞ்சு மாதிரி மிதக்கவிடும் என்று நம்பி வாங்கினேன். மாட்டிக்கொண்டு போனதில் உரல் அம்மிக்கல் ஆனது.

எங்கள் மெக்கானிக் ஸ்பிரிங்கை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், பாரம் தாங்கறது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்கறது உள்ள இருக்கற ஆயில். அந்த ஆயில் நுரைச்சுப் போகாம இருக்கத்தான் கேஸ். இது பெரிய வண்டி ஷாக்கு. அமுக்கணும்னா பின்னாடி ரெண்டு பேர் உட்காரணும்.”

ஓட்டுபவர் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. எனவே மஞ்சள் உருளைகள் பரணுக்குப் போயின. அங்கே ஏற்கெனவே என் யோகா பாய் இருக்கிறது.

பழைய ஷாக்கையே மாட்டிவிட்டு மெக்கானிக் கேட்டார்: “அம்மா எத்தனை கிலோ இருப்பாங்க?”

26 வருடத்தில் நான் கேட்கத் துணியாத கேள்வி. அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். எதிர் டீக்கடையில் நாலு கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. “கிலோ வேணாம், டேப் போதும்” என்று அவரே என்னைக் காப்பாற்றினார்.

நடு ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்க, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை முதலில் ஓர் அளவு. பிறகு வண்டியை இறக்கினால் அதன் சொந்த எடையிலேயே 12 மில்லிமீட்டர் தணிந்தது. நான் ஏறியதும் இன்னும் 24. அவள் ஏறியதும் இன்னும் 22. மெக்கானிக் கடைப் பையன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தான். டீக்கடை மனப்பாடம் செய்துகொண்டது.

“மொத்த ஆட்டமே 80 மில்லிமீட்டர் சார். ரெண்டு பேரும் உட்கார்ந்தா அதுல மூணுல ஒரு பங்கு, கொஞ்சம் கூடப் போகலாம். இங்க 58 போயிடுச்சு. மிச்சம் 22. ஸ்பீட் பிரேக்கர்ல அதுவும் தீர்ந்து அடி ரப்பர்ல போய் ‘தட்’னு இடிக்குது.”

நான் மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். 22 என்பதை நானும் கேட்டேனே என்ற பார்வை. அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள். “தம்பி, பின்னாடி உட்கார்றவங்க பாரம் முழுக்கப் பின்சக்கரத்துலதான வரும்? ஓட்டறவங்க பாரம்?”

“அது பாதிக்குக் கொஞ்சம் மேலதாம்மா பின்னாடி வரும். மிச்சம் முன்சக்கரத்துக்குப் போயிடும்.”

அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். “முழு வெயிட்டையும் வச்சு நான் 22. பாதியை முன்சக்கரத்து தலையில கட்டிட்டு இவர் 24” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். விடையை டீக்கடை போட்டுக்கொண்டது.

பழைய ஷாக்கில் ஆயில் கசிந்து வற்றியிருந்தது. என் வண்டிக்கென்றே செய்த புது ஜோடியை மாட்டினார். மஞ்சள் உருளையின் விலையில் பாதிகூட இல்லை. ஸ்பிரிங்குக்கு அடியில் ஐந்து படி கொண்ட ஒரு வளையம் உண்டு. முதல் படிதான் மெத்தென்று இருக்கும் என்று பதினோரு வருடமாக நான் தொட்டதே இல்லை. சி ஸ்பேனரால் அதை நான்காம் படிக்குத் திருப்பினார். படி ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் நாங்கள் ஏறினாலும் வண்டி அவ்வளவு தணியாது. குழிக்கென்று கொஞ்சம் இடம் மிஞ்சும். மறுபடி அளந்ததில் மிச்சம் 40. “இதுக்கு மேல வேணும்னா சார்தான் மனசு வைக்கணும்” என்று என் தொப்பையைப் பார்த்தார். சி ஸ்பேனர் வண்டியின் டூல்ஸ் பையிலேயே பதினோரு வருடமாக இருந்திருக்கிறது. அதை வைத்து நான் தேங்காய் மூடி நெம்பியிருக்கிறேன்.

அடுத்த பிரதோஷத்தில் 19 வேகத்தடைகளையும் தாண்டினோம். ஒன்றில்கூட ‘தட்’ இல்லை. எப்படி இருக்கிறது என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை “பரவாயில்லை” என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பட்டம் கிடையாது.

அந்தக் களிப்பில், தரிசனம் முடித்து மாடவீதி மெஸ்ஸில் ஒரு நெய் பொங்கலை முடித்து, இரண்டாவதுக்குக் கை தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள்.

“திரும்பிப் போகணும்லங்க. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க.”