கடைந்தெடுத்த சாடி

மறுபடியும் மூடி திறக்கவில்லை. மாரி தொடங்கி மூன்று நாள் மழை விழுந்தால் ஆரையம்பதியில் கதவு இறுகும், லாச்சி இறுகும், சோகேஸின் நடுத்தட்டில் நிற்கும் மரச் சாடியின் மூடியும் இறுகும். கதவை உதைக்கலாம், லாச்சியை இழுத்து உடைக்கலாம். சாடியை ஒன்றும் செய்ய முடியாது. அது அலங்காரச் சாமான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று காற்றிலேயே தண்ணீர் தொங்கும் ஊரில், மூடி போட்ட மரப்பாத்திரத்தைக் கலியாணத்துக்கும் குடிபுகுதலுக்கும் பரிசாகக் கொடுக்கிறவர்களுக்கு நம்மீது என்ன கோபமோ. இந்தச் சாடிகளின் அடிப்பாகத்தைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தது. அதற்கு முதல் மூடியைத் தாண்டியாக வேண்டும்.

மரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. வெட்டிய மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் ஓட்டத்தோடு சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரை வழியே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே வட்டமாகக் கடைந்தது நாளடைவில் முட்டையாகிறது. பெயரிலேயே ஆரையை வைத்திருக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (எங்கள் ஆரை கணக்குப் பாடத்து ஆரை அல்ல, கீரை என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, அதன் நாலு இலையும் சேர்ந்து வட்டமாகத்தான் விரிகிறது.) தொழில் தெரிந்த கடைசல்காரர் பச்சை மரத்தை முதலில் தடிப்பாகக் கடைவார்: வாய் 10 அங்குலமென்றால் சுவர் 1 அங்குலம். குறுக்கே வெட்டுப்பட்ட முகங்களில் மெழுகு பூசி, மாதக்கணக்கில் காயப்போட்டு, அது தன் இஷ்டத்துக்குக் கோணி முடிந்தபிறகு மறுபடி ஏற்றி வட்டமாக்குவார். அந்த மாதங்களுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால் கடைக்கு வருவது ஒரே மூச்சில் கடைந்து, வார்னிஷ் காயுமுன் பரிசுத்தாள் சுற்றியது. மாரியில் ஊதிக் கவ்வும். கச்சான் காற்றில் தளர்ந்து கடகடக்கும்.

மூடிக்குள் இருப்பது வேறு கதை. ஊக்கு இருக்கிறது. ஒரு சட்டைக்கென்று எடுத்துவைத்த பொத்தான் இருக்கிறது. சட்டை போய்ப் பத்து வருடம். எந்தப் பூட்டுக்கென்று தெரியாத திறப்பு ஒன்று, பூட்டே இல்லாமற்போன திறப்பு இரண்டு. சிம்மைக் கழற்றியபின் மிஞ்சிய பிளாஸ்டிக் மட்டை. கோயில் திருநீற்றுப் பொட்டலம், அதற்குள் வேறொரு கோயிலின் குங்குமம். பாதி வெட்டிய குளிசை அட்டை. என்ன குளிசை என்பதைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது. செத்ததா இருக்கிறதா என்று தெரியாத இரண்டு பற்றரி. இவற்றைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்த்து, செத்ததென்று உறுதியானதும் மறுபடி சாடிக்குள்ளேயே போடுவோம். செத்த பற்றரிக்கும் வீட்டில் ஓர் இடம் வேண்டுமே. சதக் குற்றிகள். சுரை இல்லாத ஒற்றைத் தோடு, தோடு இல்லாத ஒற்றைச் சுரை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை வருடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறோம். ரப்பர் வளையம் மூன்று, அதில் ஒன்று உருகிப் பொத்தானோடு சம்பந்தம் செய்துகொண்டது. ஒரு பால்பல். பல்லுக்குரியவர் இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கரண்ட் போன இரவில் இத்தனையையும் கிளறினால் மெழுகுதிரி மட்டும் இருக்காது.

தயிருக்கும் மரத்துக்கும் தமிழ் கடைதல் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பழைய பட்டறையில் மரத்தைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாறிமாறி இழுக்க, அது மத்தைப்போல முன்னும் பின்னும் சுழலும். ஒரு பக்கச் சுழற்சியில் மட்டும் உளி வெட்டும். கடைந்தால் ஏதாவது வரவேண்டும். தயிரில் வெண்ணெய் வந்தது, பாற்கடலில் நஞ்சுக்குப் பிறகாவது அமுதம் வந்தது. மரத்தைக் கடைந்தால் வருவது உள்ளே ஒரு வெறுமை, அதுதான் பாத்திரம். வெளிப்புறத்தைக் கண்ணால் பார்த்துக் கடைந்துவிடலாம். வாய் குறுகிய சாடியின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. சுவர் மெலிய மெலிய மாறும் ஓசையைக் கேட்டு, விரலால் தடவித்தான் உளி எங்கே நிற்கிறதென்று அறிய வேண்டும். இத்தனை பாடுபட்டுக் குடைந்த இடத்தில்தான் நாம் பற்றரியைப் புதைக்கிறோம். வெளியிலோ தாமரை இதழ் செதுக்கியிருக்கும். ஒவ்வொரு இதழின் பள்ளத்திலும் தூசு. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் பழைய பல்துலக்கி கொண்டு தோண்டும் தூசு.

அழகுக்கென்று ஒரு பொருள் இருக்கக் கூடாதா என்பார்கள். இருக்கட்டும், குத்துவிளக்கும் அழகுதான், எண்ணெய் குடித்து எரிகிறது. மரத்தில் என்னத்தை வைப்பது என்பார்கள். குங்குமச் சிமிழும் மரத்தில் கடைந்ததே, தினமும் திறந்தார்கள். மரவை என்று மரக்கிண்ணத்துக்குத் தமிழில் தனிச்சொல்லே உண்டு. மாத்தளை ஹப்புவிடவில் அரக்கை நூலாக இழுத்து நகத்தால் கிள்ளி ஒட்டுகிறார்கள். சென்னபட்டணத்தில் சுழலும் மரத்தின் சூட்டிலேயே அரக்கை உருக்கி ஏற்றித் தாழை மடலால் மெருகிடுகிறார்கள். பேரிலேயே தாழையை வைத்திருக்கும் தாழங்குடா நமக்குப் பக்கத்தூர்; மெருகிட்ட சாடியைத்தான் காணோம். இலங்கையின் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் பெரிய புத்தகமே போட்டார், 425 பிரதிகள், கையச்சில். கலையையும் பயனையும் பிரிக்காதீர்கள் என்று ஆயுள் முழுக்க எழுதிய அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுத்தது பொஸ்டன் அருங்காட்சியகம், அதாவது உலகத்தின் பெரிய சோகேஸ்களில் ஒன்று. கலைப்பொருட்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற கேள்வியையே 1943இல் ஒரு நூலுக்குத் தலைப்பாக வைத்தார். நம் நடுத்தட்டைப் பார்க்காமலே கேட்டிருக்கிறார்.

கனமான மறுப்பு ஒன்றுதான்: இந்தச் சாடிகளை வாங்காவிட்டால் கடைசல்காரர் எதைச் சாப்பிடுவார்? வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டில் காலுக்கும் தொட்டில் காலுக்கும் அவரிடம் ஒரு அங்குலம் கூடக்குறைய விடாமல் கணக்குப் பார்க்கிற நாம், சாடி என்றதும் ஏன் எதையும் கேட்பதில்லை? காய்ந்த மரமா, இரண்டாம் தரம் ஏற்றினீர்களா, உள்ளே என்ன பூசியிருக்கிறது, உப்புப் போடலாமா, புளி போடலாமா என்று ஒரு வாய் கேட்டால் அவருக்கும் தொழில் ஞாபகம் வரும். நாம் கேட்பதெல்லாம் இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறதா என்பதுதான். பார்வைக்கு மட்டும் கேட்டோம், பார்வைக்கு மட்டும் கிடைத்தது.

அடிப்பாகத்துக்கு வருகிறேன். அதைக் காட்ட வேண்டுமானால் சாடியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்குமுன் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும், எடுக்க மூடி திறக்க வேண்டும். கச்சான் காற்று எழும்பட்டும், பார்ப்போம்.