நிலக்காட்சி ஓவியனின் அறைக்கு வருவோர் பார்ப்பது எதை? – ஒரு கள ஆய்வு

நிலக்காட்சி ஓவியன் ஒருவன் தன் அறையை ஊராருக்குத் திறந்துவிட்டால், வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? களம்: திருநெல்வேலியில் என் மாடி அறை. காலம்: ஒரு ஞாயிறு, காலை பத்து மணி முதல் மதியச் சாப்பாடு வரை. தரவு போதாது என்போர் அடுத்த ஞாயிறு வந்து தாங்களே தரவாகலாம்.

முன்னோடிகள் உண்டு. லண்டனில் ஓவியர் டர்னர் 1804இல் தன் வீட்டோடு படக்கூடம் திறந்தார். பிற்பாடு கட்டிய கூடத்தில், வந்தவர்களைச் சுவர்த்துளை வழியே வேவு பார்த்தார் என்பார்கள். நியூயார்க்கில் ஃப்ரெட்ரிக் சர்ச் 1859இல் 'ஆண்டீஸின் இதயம்' என்ற ஒற்றைப் படத்தை வைத்துத் தலைக்கு 25 சென்ட் வாங்கினார். 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். மேய்ன் கடலோரத்தில் வின்ஸ்லோ ஹோமர், யாரும் வராமலிருக்க, 'பாம்பு! பாம்பு! எலி!' என்று பலகை எழுதி வைத்தார். ஹோமரின் ஆய்வுமுறையே சிறந்தது என்பதை இவ்வாய்வாளன் பதினொரு மணிக்கே ஒப்புக்கொண்டான்.

நான் எழுதிய பலகை, 'ஸ்டுடியோ – இன்று எல்லோரும் வரலாம்'. முதல் பிழை அதுதான். முதலில் வந்தவர் தலையைச் சீவிக்கொண்டே படியேறி, "பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி எவ்வளவு?" என்றார். விளக்கினேன். "வரைஞ்சு குடுத்தா பேங்குல ஒத்துக்க மாட்டாங்களே" என்று எனக்காக வருந்திவிட்டு இறங்கினார்.

அடுத்து வந்த குடும்பம் மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த படங்களை மட்டும் பார்த்தது. குழந்தைகள் பெயின்ட் ட்யூப்களைப் பார்த்தார்கள், கையால்.

இவ்வாய்வின் உயிர்நாடி, பக்கத்துத் தெரு அண்ணாச்சி. குறுக்குத்துறைப் படித்துறையை அப்போது வரைந்துகொண்டிருந்தேன். ஆற்றுக்குள் முருகன் கோயில், கல்மண்டபம், ஈரப்படி. வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள்தான். எதைப் போடுவது என்பதைவிட எதை விடுவது என்றுதான் கை அதிகம் தயங்கும். இந்த விடுதல் கோட்பாட்டை அண்ணாச்சி ஏற்கவில்லை.

"தம்பி, இங்கன ஒரு கரண்டு கம்பம் நிக்குமே, எங்க?"

"விட்டுட்டேன் அண்ணாச்சி. கண்ணை உறுத்துச்சு."

"அது எப்படி விடலாம்? எங்க மச்சான் சைக்கிள்ல போயி அதுலதான முட்டினான்!"

மச்சான், அவருடைய முழங்கால், கட்டுப்போட்ட வைத்தியர், வைத்தியர் மகளுக்கு அமைந்த சம்பந்தம் எனக் கதை நீண்டது. கண் மட்டும் கம்பம் இல்லாத இடத்தை விட்டு நகரவில்லை. கருதுகோள் இங்கேதான் பிறந்தது: வருகிறவர் பார்ப்பது நாம் வரைந்ததை அல்ல, விட்டதை.

இதற்கிடையே வீட்டிலிருந்து காபி வந்தது. அண்ணாச்சி தன் டம்ளரை என் பிரஷ் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் எவர்சில்வர், ஒரே உயரம். சம்பந்தப் பேச்சு முற்றிய நேரத்தில் பிரஷைக் காபியில் முக்கி, ஆற்றுக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். ஈரத்தாளில் அது மண்டபம் வரை பரவியது.

அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இப்பதான் தம்பி சரி. வெள்ளம் வந்தா தாமிரபரணி அச்சா இந்தக் கலருதான்."

சொல்லிவிட்டு டம்ளருக்குக் கை நீட்டினார். எந்த டம்ளர் என்று பார்ப்பதற்குள் ஒரு மடக்கு இறங்கிவிட்டது.

"சீனிதான் கொஞ்சம் கம்மி" என்றார்.