களஞ்சியக்காப்பாளர்

களஞ்சியக்காப்பாளர் என்பவர் அரச அலுவலகத்தின் பின்னறையில் ஒரு திறப்புக் கொத்தோடும் இருப்பேட்டோடும் காணப்படும் உத்தியோகத்தர். திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களில், வடக்கே குச்சவெளி முதல் இலங்கைத்துறை முகத்துவாரத்தை உள்ளடக்கிய வெருகல் வரை, எங்கும் இவர் உண்டு. பதவிப்பெயர் சில இடங்களில் வேறாக இருக்கும், குணம் மாறாது. பிரதேச செயலாளருக்கு அதிகாரம் கொடுத்தது 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம். இவருக்கு அதிகாரம் கொடுத்தது திறப்பு.

வருடாந்தக் கொள்முதல் திட்டம் கணக்காளரின் கணினியில், நிறம் தீட்டிய கட்டங்களோடு அழகாக இருக்கும். நடக்கிற திட்டம் இவர் தலைக்குள் இருக்கும். அதற்கு நியாயமும் உண்டு. ஒதுக்கீடு ஜனவரியில் வந்துவிடும். ஆனால் அது செலவழிக்கலாம் என்ற அனுமதி மட்டுமே. காசு என்பது கட்டுநிதி. அது ஆறுதலாக வரும். வரும்வரை அலுவலகம் ஓடுவது, போன டிசம்பரில் இவர் ஒளித்துவைத்த கடதாசியில்தான். செலவு விடயம் 1201 காகிதாதிகளுக்கு, 1202 எரிபொருளுக்கு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும், நிதிப் பிரமாணம் 66இன் கீழ் அனுமதி கிடைக்காமல் ஒருவர் தட்டில் மற்றவர் கைவைக்க முடியாது. ஆகவே ஜீப் டீசலின்றி நிற்கும் அதே வளவில், கோப்பு உறைகள் நாலு வருடத்துக்குப் போதுமான அளவு கிடக்கும்.

பொருள் வழங்கும் முறை பின்வருமாறு. புதிதாக வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒரு பேனை கேட்பார்.

“போன மாதம் தந்தது?”

“முடிஞ்சு போச்சு அண்ணன்.”

“எங்க, காட்டுங்க பாப்பம்.”

காட்டிய பேனையை வாங்கி, பழைய சுற்றறிக்கையின் முதுகில் இரண்டு சுழி போட்டு, மூன்றாவது சுழியில் மை தெரிந்ததும் திருப்பிக் கொடுப்பார். “இன்னும் ரெண்டு கிழமை எழுதும் தங்கச்சி.” பிரதேச செயலாளர் கேட்டாலோ, கோரிக்கைப் படிவம் நிரம்புமுன்பே பொருள் மேசைக்குப் போய்விடும்.

இவரைக் கஞ்சன் என்பவர்கள் 2022ஐ மறந்தவர்கள். அந்த மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. வழக்கமாக மணியடித்து ஆளைக் கூப்பிடும் கணக்காளர்மார் களஞ்சியக் கதவடியில் தாமாகவே வந்து நின்ற காலம் அது.

பொருள் வராததற்குக் காரணம் சொல்வதும் இவர் கடமையே. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியாப் பக்கத்தில் “பாதை வரல்ல” என்றால் போதும். பாதை என்றால் துறையில் வாகனம் ஏற்றிக் கடத்தும் மிதவை. துறைகளில் பாலங்கள் வந்தபின் “சிஸ்டம் வேலை செய்யுதில்ல” என்று மாற்றவேண்டியதாயிற்று.

நிதிப் பிரமாணம் 756இன் கீழான வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு இவருக்குத் தேர்வுக்காலம். வெளி அலுவலகத்தார் வந்து கதிரை எண்ணுவார்கள். ஒன்று குறையும், அது வாசலில் காவலாளிக்குக் கீழே இருக்கும். குறைந்தால் 104இன் கீழ் அறிக்கை எழுதித் தப்பலாம். கூடினால்தான் வில்லங்கம். முதுகில் ‘வ.கி.மா.ச.’ என்று எழுதிய கதிரையொன்று ஏட்டில் இல்லாமல் நிற்கும். வடக்கு கிழக்கு மாகாண சபை 2007 ஜனவரியில் இரண்டாகப் பிரிந்தது அதற்கு அறிவிக்கப்படவில்லை போலும். தேநீர் வரும்வரை அதன்மேல் கணக்கெடுப்புச் சபைத் தலைவரையே உட்காரவைப்பது அனுபவசாலிகளின் உத்தி.

இளைப்பாறும் வயது 65 என்று உயர்ந்து, மீண்டும் 60 ஆனபோது, 2022 டிசம்பர் 31இல் பெருந்தொகையானோர் ஒரேநாளில் வெளியேறினர். களஞ்சியக்காப்பாளர்கள் திறப்பையும் ஏட்டையும் ஒப்படைத்தார்கள். தலைக்குள் இருந்ததை ஒப்படைக்கப் படிவம் இல்லை. பொறுப்பேற்றவர்கள் ஜனவரியில் கேட்டவர்க்கெல்லாம் பேனை கொடுத்தார்கள். பெப்ரவரியில் பெட்டி காலி. மார்ச்சில் அவர்களும் பழைய பேனையைக் காட்டச் சொன்னார்கள்.