எண்பத்தேழால் வகுப்பவர்

திருவிடந்தையில் கல்யாணம் ஆகாதவர்களை இரண்டு பேர் கவனித்துக்கொள்கிறார்கள். ஒருவர் நித்யகல்யாணப் பெருமாள். மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றினால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இன்னொருவர் ஈ.சி.ஆர். ஓரம் மாடிவீட்டில் இருக்கும் டீசல் பெரியப்பா. அவரிடம் சிக்கினால் பொழுது சாய்கிறவரை விடுதலை கிடையாது.

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். ரிட்டயர் ஆனவர். மாடியில் ஒரு அறைக்குத் தனிப் பூட்டு போட்டிருப்பவர். 'பொம்மை ரயில்' என்று யாராவது சொல்லிவிட்டால் காபியைப் பாதியில் வைத்துவிடுபவர்.

இத்தனைக்கும் இந்தக் கடற்கரையில் ரயிலே கிடையாது. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் பாதை போடும் திட்டம் வருஷக்கணக்காகக் காகிதத்தில்தான் ஓடுகிறது. ரயிலைப் பார்க்க செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். அங்கே போனாலும் டீசல் அபூர்வம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-இல்! அப்படிப்பட்ட சீமையில் பிறந்தவர் டீசலுக்கு ஏங்கிப் பொன்மலை ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வந்திருக்கிறார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த 87.

அவருடைய ரயில்கள் ஹெச்.ஓ. அளவு. நிஜத்தில் 87 அடி இருப்பது அங்கே ஒரு அடி. அந்தக் கணக்கு தண்டவாளத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. என் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் 5 அடி 8 அங்குலம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். கண்ணை மூடி வாய்க்குள் முணுமுணுத்தார். "ரெண்டு சென்டிமீட்டர் வரமாட்டானேப்பா!"

தென்னை மரத்தை வகுப்பார். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு 56 கிலோமீட்டர், அவர் கணக்கில் 644 மீட்டர், "நடந்தே போயிடலாம்." 120 கிலோமீட்டர் வேகம் என்றால் அவருக்கு ஒரு விநாடிக்கு 38 சென்டிமீட்டர். எடைக்கு மட்டும் 87-ஆல் மூன்று தரம் வகுக்க வேண்டுமாம். நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குகின்றன அல்லவா? டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் 112.8 டன். மூன்று தரம் வகுத்தால் 171 கிராம். மாடல் அதைவிடக் கனம். சக்கரத்துக்குப் பிடிமானம் வேண்டும் என்று உள்ளே எடை சேர்த்துவிடுகிறார்கள். இந்த அநியாயத்தைப் பற்றி முழுச் சாப்பாட்டு நேரமும் கேட்டிருக்கிறேன். ரசம் ஆறிப்போனது.

எடையாவது பரவாயில்லை, தண்டவாள விவகாரம் அதைவிடத் துயரமானது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். வகுத்தால் 19.3 வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. வெளிநாட்டு அகலமான 1435-ஐ வகுத்த கணக்கு அது. ஆக, அவருடைய இந்திய எஞ்சின் எல்லாம் சரியாக இருந்தும் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்பது பொருத்தமும் அமைந்து ரஜ்ஜு மட்டும் தட்டிப்போன ஜாதகம் மாதிரி. அந்த 2.8 மில்லிமீட்டரைப் பற்றிப் பேசும்போது பெரியப்பாவின் குரல் தழுதழுக்கும்.

அறைக்குள் செங்கல்பட்டு ஸ்டேஷன் இருக்கிறது. கொளவாய் ஏரிக்கு நீலக் கண்ணாடி. பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் ஜெர்மானியர்கள். பிரைசர் என்ற ஜெர்மன் கம்பெனிப் பொம்மைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பாதிப் பேருக்கு வேட்டி வரைந்துவிட்டார். மீதிப் பேர் சித்திரை வெயிலில் கோட்டும் மஃப்ளருமாக இன்னும் பாஸஞ்சருக்குக் காத்திருக்கிறார்கள்.

"இது கரண்டுலதானே ஓடுது பெரியப்பா, இதுல டீசல் எங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். கோபப்படவில்லை. நிஜ எஞ்சினிலும் டீசல் சக்கரத்தை நேராகச் சுற்றாதாம். அது ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் கரண்டு தரும், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். "நான் நடுவுல இருக்கற டீசலை மட்டும் எடுத்துட்டேன், அவ்வளவுதான்."

சமீபத்தில் ஒரு ராட்சசன் வந்து சேர்ந்தான். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் 1969-இல் ஓடவிட்ட டி.டி.ஏ.40எக்ஸ். 98 அடி நீளம், வயிற்றில் இரண்டு டீசல் எஞ்சின், 6600 குதிரைத்திறன். மொத்தமே 47 செய்தார்கள். வகுத்த பிறகும் ஒரு அடிக்கு மேல் நீளம். சின்ன வளைவில் திரும்பாமல் தடம் புரண்டான். அவனுக்காக வளைவைப் பெரிதாக்கியதில் பெரியம்மாவின் பீரோ வராண்டாவுக்குப் போய்விட்டது.

பெரியம்மா இந்தக் கணக்கைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டவர். "பத்து நிமிஷத்துல வரேன்னு மாடிக்குப் போனார்னா 87-ஆல பெருக்கிக்கோ. பதினாலரை மணி நேரம்."

மாமல்லபுரத்துக்கு அவரோடு போகாதீர்கள். ஐந்து ரதங்களுக்கு முன்னால் நின்று, பல்லவர்களும் மாடல்காரர்கள்தான் என்று ஆரம்பிப்பார். அந்த ரதங்களும் வேலை முடியாமல் நிற்பவை என்பதில் அவருக்குத் தனி ஆறுதல். அவருடைய செங்கல்பட்டிலும் ஓவர்பிரிட்ஜ் பாதியில் நிற்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மனிதர் வகுக்க மாட்டார். டபிள்யூ.டி.எம்.-2 அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1962-இல் இங்கே வந்தது. 1964 முதல் வாரணாசியிலேயே கட்டினார்கள். ஆல்கோ 1969-இல் இழுத்து மூடிவிட்டது. தாய் வீடு போன பிறகும் வாரணாசியில் பல்லாண்டு பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், கிளம்பும்போது வானத்தைக் கறுப்பாக்கும் புகை. பாதையெல்லாம் மின்மயமாகி, அவற்றை வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்லும்போது "112.8 டன்" என்று முழு எடையையும் சொல்வார். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு மாடலுக்குள் இருக்கும் சத்தச் சில்லைத் தட்டிவிடுவார். அந்தத் தடதடப்பைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஆனால் அதே அறை வாசலில் என் தம்பி மகன், நாலு வயசு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தொடக் கூடாது. மூச்சு விட்டால் சிக்னல் சாய்ந்துவிடுமாம். அழுத பிள்ளையைச் சமாதானம் செய்ய ஒரு பெட்டியைக்கூடக் கொடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஜெர்மானியனையாவது கொடுத்திருக்கலாம். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

இரண்டு சென்டிமீட்டர் வராத அந்தப் பையனுக்கே பெண்ணைக் கொடுத்தோம். பெரியப்பா முதல் பந்தியில் சாப்பிட்டு, கவரை என் கையில் திணித்துவிட்டுப் போனார். ராத்திரி மொய் எழுதும்போது பிரித்தால் 101 ரூபாய். நானும் 87-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 8,787 வருகிறது. நோட்டில் எந்தத் தொகையை எழுதுவது என்று பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.