இதர விஷயக்காரர்

எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலும், அதன் அடிவாரத்தில் 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்றொரு வரி, பத்திரிகை வைக்காமலே கல்யாணத்துக்கு வந்துவிட்ட தூரத்து உறவினரைப் போல ஒதுங்கி நிற்கும். அந்த ஒற்றை வரிக்காகவே ஜனனமெடுத்த புண்ணியாத்மாக்கள் ஊருக்கு ஒருவர் உண்டென்றாலும், தெற்கு அந்தமானில் வண்டூர் ஜெட்டிக்கருகே டீக்கடை பெஞ்சில் நித்தியவாசம் செய்யும் நம்மவருக்கு ஈடானவர் மெயின்லேண்டிலும் இல்லையென்பது என் அபிப்பிராயம்.

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது அவர் கண்மூடி யோகத்தில் ஆழ்ந்திருப்பார். குடிநீர்க் குழாய்க்கு வரும்போது யோகம் முற்றிக் குறட்டையாகும். 'இதர' என்ற மூன்றெழுத்து காதில் விழுந்ததோ இல்லையோ, துண்டை உதறித் தோளில் போட்டு, தொண்டையைக் கனைத்து, தமிழில் ஆரம்பித்து, சபையிலுள்ள வங்காளிகளையும் ராஞ்சிக்காரர்களையும் உத்தேசித்து இந்திக்குத் தாவி, பஸ் நேரத்தில் புறப்பட்டுக் கடற்கரை முதலையில் தங்கி, தம் மாப்பிள்ளை வீட்டு ஆடு காணாமற்போன விருத்தாந்தத்தில் கரையேறுவார்.

கூட்டங்கள் போதவில்லை என்பதே அவருடைய ஓயாத மனக்குறை. அரசியல் சட்டத்தின் 1992ஆம் வருஷத்து 73ஆவது திருத்தத்தில், கிராம சபையைப் பற்றிப் பேசும் 243-ஏ பிரிவு, அதன் அதிகாரங்களை மாநிலச் சட்டத்துக்கு விட்டதேயன்றி, வருஷத்துக்கு எத்தனை தடவை கூடவேண்டுமென்று எண்ணிக்கை சொல்லவில்லை. இதற்கு அவர் கண்ட வியாக்கியானம், "எண்ணிக்கை சொல்லலேன்னா தினம் கூடலாம்னு அர்த்தம்" என்பது. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று நான்காக இருந்ததை, மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டைச் சேர்த்து ஆறாக்கிவிட்டார்கள் என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டில் பாயசம் மணப்பதைச் சொல்லும் குரல்தான் அவருக்கு வரும்.

டீக்கடைக்காரர் ஒருநாள் கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்: "மகாத்மா காந்தி கடல் பூங்காவிலே ஜாலி பாய் தீவைத் திறந்தா ரெட் ஸ்கின் தீவை மூடறாங்க, அதைத் திறந்தா இதை மூடறாங்க. பவழத்துக்கே லீவு குடுக்கறாங்கண்ணே, எங்க காதுக்குக் கிடையாதா?" எனக்கென்னவோ, கூட்டம் எத்தனை நாளைக்கொருமுறை என்ற சர்ச்சையில் இதைவிடத் தீர்க்கமான வாதம் எழும்பியதாக ஞாபகமில்லை. நம்மவரோ, "அது பவழம் தம்பி, வாயில்லா ஜீவன்" என்று சொல்லி இன்னொரு டீ கேட்டார்.

பிறகொரு திங்கட்கிழமை. திங்களன்று பூங்காவுக்கு விடுமுறை, படகில்லை, பிரயாணிகளில்லை. பொழுது போகாத படகுக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர், அவர் ஆசை தீரட்டுமென்று பெஞ்சுகளை இழுத்துப்போட்டு, அவரையே தலைவராக்கி, 'இதர விஷயங்கள்' என்று மட்டும் எழுதிய காகிதத்தைப் பயபக்தியோடு நீட்டினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாலே ஒண்ணு, ரெண்டுன்னு ஒண்ணுமே இல்லையேப்பா, அப்புறம் இது எதுக்கு இதரம்?"

பையன் ஒருவன் பதறிக் காகிதத்தைப் பிடுங்கி, மேலே இடம் பார்த்து, '1. வரவு செலவு' என்று எழுதத் தொடங்கினான். அவன் எழுதி முடிக்குமுன்பே தலைவருடைய கண்கள் சுபாவப்படி மூடிக்கொண்டன.